27 விழுக்காடு என்று எழுதியிருந்தேன்

2024 ஆகஸ்டு மாதத்தின் கடைசி வாரத்தில், என் மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குள் நுழைவதற்குச் சில நாட்கள் முன்பு, ஓர் எக்செல் தாளில் அவள் பெயருக்கு நேரே 27 விழுக்காடு என்று எழுதினேன். அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ இங்கிலாந்துப் பகுதியில் உள்ள ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிக்கு முன்கூட்டிய சேர்க்கையில் விண்ணப்பித்தால் அவளுக்கு இடம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு நான் கண்ட விடை அது. நான் நியூ ஜெர்சியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பிரீமியம் நிர்ணயிக்கும் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஒரு பெருங்கூட்டத்தின் சராசரியை எடுத்துத் தனி ஒருவரின் தலையில் வைக்கக் கூடாது என்று புதிதாகச் சேருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. அலுவலகத்தில் யாராவது செய்தால் திருப்பி அனுப்பியிருக்கக்கூடிய கணக்கை வீட்டில் நானே செய்தேன்.

இந்த முறைக்குப் புதியவர்களுக்காகச் சிறு விளக்கம் தேவைப்படும். அமெரிக்காவில் முன்கூட்டி விண்ணப்பிப்பதில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. எர்லி டிசிஷன் என்பது கட்டுப்படுத்துவது: ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் அப்படி விண்ணப்பிக்கலாம், இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். மாணவர், பெற்றோர், மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலர் ஆகிய மூவரும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். எர்லி ஆக்‌ஷன் கட்டுப்படுத்தாது. முடிவு மட்டும் முன்னதாக வரும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு ஆகியவை நடுவில் ஒரு வகையை வைத்திருக்கின்றன. அங்கே சேர வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் அதே சமயத்தில் மற்ற தனியார் கல்லூரிகளுக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கக் கூடாது. பெரும்பாலான கல்லூரிகளில் கடைசி நாள் நவம்பர் 1 அல்லது 15, முடிவு டிசம்பர் நடுவில். ஜனவரித் தொடக்கத்தில் இரண்டாம் சுற்று எர்லி டிசிஷனும் சில கல்லூரிகளில் உண்டு.

என் மகளுக்கு நிலவியலில் ஆர்வம். ஏப்ரல் விடுமுறையில் அந்தக் கல்லூரியைப் பார்க்கப் போனபோது, ஒரு பேராசிரியர் அவளை ஆய்வகத்தில் நிற்கவைத்து ஒரு பாறைத் துண்டைக் கையில் கொடுத்து இருபது நிமிடம் பேசினார். காரில் திரும்பிய ஐந்து மணி நேரமும் அவள் வேறு எதையும் பேசவில்லை. அன்றே முடிவாகிவிட்டது, அதற்குப் பிறகு நான் போட்ட கணக்கெல்லாம் முடிவுக்கு நியாயம் தேடிய கணக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

கணக்கு எளிமையாக இருந்தது. கீழே வரும் எண்களை, கல்லூரி அடையாளம் தெரியாதபடி சற்று மாற்றியிருக்கிறேன், விகிதங்கள் மாறவில்லை. முந்தைய ஆண்டில் மொத்தம் 9,000 பேர் விண்ணப்பித்து 1,080 பேருக்கு இடம் கிடைத்தது. அது 12 விழுக்காடு. எர்லி டிசிஷனில் 900 பேர் விண்ணப்பித்து 243 பேருக்குக் கிடைத்தது. அது 27 விழுக்காடு. இரண்டேகால் மடங்கு. என் கணவர் தாளைப் பார்த்துவிட்டு, "கணக்கே சாதகமா இருக்கே, இதுக்கு மேல என்ன யோசனை?" என்று கேட்டார். நானும் யோசிக்கவில்லை.

இந்த எண்களை எங்கே எடுக்கலாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காமன் டேட்டா செட் என்ற ஒரே அமைப்பிலான படிவத்தைப் பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் நிரப்பித் தங்கள் இணையதளத்தில் வைக்கின்றன. அதில் சி1 பகுதியில் மொத்த விண்ணப்பங்களும் சேர்க்கைகளும், சி21 பகுதியில் எர்லி டிசிஷன் எண்ணிக்கைகளும் இருக்கும். சி21-இல் முதல் சுற்றும் இரண்டாம் சுற்றும் பெரும்பாலும் ஒரே எண்ணாகச் சேர்ந்துவிடுகின்றன என்பதை நினைவில் வைக்க வேண்டும். சி7 பகுதியில் மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், முன்னாள் மாணவரின் பிள்ளை என்ற உறவு, கல்லூரியின்மேல் காட்டிய ஆர்வம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தாங்கள் எவ்வளவு எடை தருகிறோம் என்பதைக் கல்லூரியே குறித்திருக்கும். சி9 பகுதியில் எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்களோடு, எத்தனை விழுக்காட்டினர் மதிப்பெண்ணை அனுப்பினார்கள் என்பதும் இருக்கும். பாதிப் பேர்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்றால், அங்கே காணப்படும் 1,520 என்ற எண் நல்ல மதிப்பெண் பெற்று அனுப்பியவர்களின் எண்ணே ஒழிய வகுப்பு முழுவதின் எண் அன்று. நான் இவை அனைத்தையும் படித்தேன். படித்தும் தவறினேன்.

தவறு எங்கே என்பது டிசம்பரில்தான் தெரிந்தது. முடிவு வந்த மாலையில் மகள் மாடிப்படியில் நின்றபடியே, "டிஃபர் ஆயிடுச்சும்மா" என்றாள். நிராகரிப்பும் இல்லை, சேர்க்கையும் இல்லை. முன்கூட்டி விண்ணப்பிக்காதவர்களுக்கான பொதுச் சுற்றில் மீண்டும் பார்ப்போம் என்ற பதில். நான்கில் ஒன்று என்ற கணக்கில் மூன்று பங்கு தோல்வி என்பதை நான் தாளில் எழுதியிருந்தேனே தவிர மனத்தில் எழுதிக்கொள்ளவில்லை. அந்த வார இறுதியில், வேறு எதுவும் செய்யத் தோன்றாமல், கல்லூரியின் விளையாட்டுப் பக்கத்தைத் திறந்து ஒவ்வோர் அணியின் வீரர் பட்டியலிலும் முதலாண்டு மாணவர்களை எண்ணத் தொடங்கினேன். இதை ஆகஸ்டிலேயே செய்திருக்க வேண்டும்.

எண்ணி முடித்தபோது, சுமார் 500 பேர் கொண்ட முதலாண்டு வகுப்பில் 160-க்கும் மேற்பட்டவர்கள் ஏதாவதோர் அணியில் இருந்தார்கள். எல்லோருமே பயிற்சியாளரின் ஆதரவோடு வந்தவர்கள் அல்லர். ஆனால் நியூ இங்கிலாந்தின் சிறிய கல்லூரிகளில் பயிற்சியாளர் தேர்ந்தெடுப்பவர்களுக்கென்று ஓர் ஒதுக்கீடு இருப்பது இரகசியம் அன்று. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி விளையாட்டைப் பற்றித் தானே வெளியிட்ட ஓர் அறிக்கையில், விளையாட்டே தீர்மானிக்கும் காரணமாக அமையும் சேர்க்கைகள் ஆண்டுக்கு 67 என்று சொல்லியிருக்கிறது. அதற்கு மேல், விளையாட்டும் படிப்பும் சேர்ந்து இடம் பெற்றுத் தரும் இன்னொரு குழுவும் உண்டு. இப்படிப்பட்டவர்களில் அநேகமாக எல்லோரும் எர்லி டிசிஷனில்தான் விண்ணப்பிக்கிறார்கள், ஏனென்றால் பயிற்சியாளர் கேட்பது அந்த உறுதியைத்தான். விண்ணப்பிப்பதற்கு முன்பே அவர்களுடைய மதிப்பெண் பட்டியலைச் சேர்க்கை அலுவலகம் பார்த்துத் தலையசைத்திருக்கும். ஆகையால் அவர்களில் விண்ணப்பித்தவர்களும் இடம் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை.

அன்று இரவு மீண்டும் தாளைத் திறந்தேன். 243 இடங்களில் விளையாட்டு வழியாக 105 என்று வைத்துக்கொண்டேன். குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் க்வெஸ்ட்பிரிட்ஜ், தலைமைத் திறனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பாஸி போன்ற அமைப்புகள் வழியாக 30. முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும் ஆசிரியர்களின் பிள்ளைகளும் சேர்ந்து 28. மீதி 80. விண்ணப்பித்த 900 பேரிலும் இதே குழுக்களைக் கழித்தால், 110, 30, 80 போக, மீதி 680. 680 பேருக்கு 80 இடம் என்றால் 12 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. பொதுச் சுற்றில் 8,100 பேருக்கு 837 இடம். அது 10 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். நான் இரண்டேகால் மடங்கு என்று நினைத்த வித்தியாசம், என் மகளைப் போன்ற, எந்த வாலும் ஒட்டாத மாணவிக்கு, பத்துக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

இந்தக் கழித்தலில் என் ஊகங்கள் கலந்திருக்கின்றன. 105 என்பது 80 ஆகவும் இருக்கலாம். அப்படியானாலும் விடை 27-ஐ எட்டிப் பார்க்காது. அதே வேளையில், முன்கூட்டி விண்ணப்பிப்பதில் பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2000-களின் தொடக்கத்தில் ஹார்வர்டைச் சேர்ந்த பொருளியலாளர்கள் பல கல்லூரிகளின் சேர்க்கைத் தரவுகளை ஆராய்ந்து, விளையாட்டு வீரர்களையும் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளையும் தனியே பிரித்துப் பார்த்த பிறகும், முன்கூட்டி விண்ணப்பிப்பது எஸ்ஏடி தேர்வில் ஏறத்தாழ 100 மதிப்பெண் கூடுதலாகப் பெற்றதற்குச் சமமான பலனைத் தருவதாகக் கண்டார்கள். கல்லூரிக்கும் இதில் ஆதாயம் உண்டு: எத்தனை பேர் உண்மையில் வந்து சேர்வார்கள் என்ற நிச்சயமின்மை குறைகிறது, உதவித்தொகை கேட்டு ஒப்பிட்டுப் பேரம் பேசாத குடும்பங்கள் கிடைக்கின்றன. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது பாதகம் என்று காரணம் சொல்லி 2006-இல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் முன்கூட்டிய சேர்க்கையையே கைவிடுவதாக அறிவித்தன. மற்றவர்களில் பெரும்பாலோர் பின்தொடராததால் 2011-இல் மீண்டும் கொண்டுவந்தன. முதலாண்டு வகுப்பின் எத்தனை இடங்கள் இந்தச் சுற்றில் போகின்றன என்பதைப் பார்த்தால், பலன் ஒவ்வொரு கல்லூரிக்கும் வேறுபடும் என்பது விளங்கும். பெரிய பல்கலைக்கழகத்தில் 3,000 பேர் கொண்ட வகுப்பில் 200 விளையாட்டு வீரர்கள் கணக்கைப் பெரிதாக மாற்றுவதில்லை. 500 பேர் கொண்ட வகுப்பில் அவர்கள்தான் கணக்கு.

விழுக்காடு ஏறுவதும் இறங்குவதும்கூட ஏமாற்றும். பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2023 டிசம்பரில் முன்கூட்டி விண்ணப்பித்த 6,251 பேரில் 898 பேருக்கு இடம் கிடைத்தது, 14 விழுக்காடு. மறு ஆண்டு 5,048 பேரில் 906 பேர்; 18 விழுக்காடு. இடையில் அங்கே எஸ்ஏடி அல்லது அதுபோன்ற ஏசிடி தேர்வின் மதிப்பெண் மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. மதிப்பெண் இல்லாமல் முயன்று பார்க்கக்கூடியவர்கள் விலகிக்கொண்டார்கள். இடங்களின் எண்ணிக்கை எட்டுதான் கூடியது. எங்கள் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் "பிரவுன் இந்த வருஷம் ஈசி" என்று ஒருவர் எழுதியதை நான் மறுத்து எழுதவில்லை. எனக்கே அப்போது என் கணக்கின்மேல் நம்பிக்கை இல்லை.

அதே குழுவில் தவறாமல் எழும் இன்னொரு பேச்சு, ஆசியப் பிள்ளைகளுக்கான வாய்ப்பு. இனத்தைச் சேர்க்கையில் கருதக் கூடாது என்று 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு வந்த முதல் வகுப்பில், எம்ஐடியில் ஆசிய அமெரிக்கர்களின் பங்கு 40 விழுக்காட்டிலிருந்து 47 ஆக உயர்ந்தது. யேலில் 30-இலிருந்து 24 ஆகக் குறைந்தது. ஒரே தீர்ப்பு, இரண்டு திசைகள். தனி ஒரு பிள்ளையின் தாளில் இதை எந்தக் கட்டத்தில், என்ன எண்ணாக எழுதுவது? நான் தாளிலிருந்து அந்த நெடுவரிசையையே நீக்கிவிட்டேன்.

பள்ளியிலிருந்து கிடைத்த தகவல்தான் எல்லாவற்றையும்விடப் பயனுள்ளதாக இருந்திருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் நேவியன்ஸ் என்ற மென்பொருள் உண்டு. முந்தைய ஆண்டுகளில் அதே பள்ளியிலிருந்து அதே கல்லூரிக்கு விண்ணப்பித்தவர்களை பள்ளி மதிப்பெண் சராசரியான ஜிபிஏ ஒரு பக்கமும் எஸ்ஏடி ஒரு பக்கமுமாகப் புள்ளி வைத்துக் காட்டும். ஐந்து ஆண்டுகளில் பதினொரு புள்ளிகள், அவற்றில் நான்கு பச்சை, அதாவது இடம் கிடைத்தவர்கள். என் மகளின் இடம் அந்தப் பச்சைப் புள்ளிகளுக்குச் சற்று மேலேயே இருந்தது. பிறகுதான் கவுன்சிலர், பெயர் எதுவும் சொல்லாமல், அந்த நால்வரில் இருவர் நீச்சல் அணிக்காக எடுக்கப்பட்டவர்கள் என்றும் ஒருவரின் தாய் அங்கே படித்தவர் என்றும் சொன்னார். ஆக, எங்களைப் போன்றவர்களுக்கு ஒரே ஒரு பச்சைப் புள்ளி. இதைச் செப்டம்பரில் ஏன் சொல்லவில்லை என்று கேட்க நினைத்தேன். ஆனால் செப்டம்பரில் நான் அவரிடம் கேள்வியே கேட்கவில்லை, முடிவைத்தான் தெரிவித்தேன். கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: இந்தப் புள்ளிகளில் சிறப்புக் காரணம் எதுவும் இல்லாதவர்கள் எத்தனை பேர்? இந்த ஆண்டு நம் பள்ளியிலிருந்து இதே கல்லூரிக்கு இதே சுற்றில் இன்னும் எத்தனை பேர் விண்ணப்பிக்கிறார்கள்? இரண்டாவதற்குப் பெயர் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் பெரும்பாலான கவுன்சிலர்கள் சொல்வார்கள். எங்கள் ஆண்டில் மூன்று பேர்.

பணத்தைப் பற்றி இங்கே நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வாய்ப்பைக் கணக்கிடுவதில் நாங்கள் செய்த தவறைவிட இது பெரிய தவறு. கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் நெட் பிரைஸ் கால்குலேட்டர் என்ற கணிப்பானை வைத்திருக்க வேண்டும் என்பது 2011-இலிருந்து சட்டம். நாங்கள் அதைத் திறந்தது அக்டோபர் மூன்றாம் வாரத்தில், கட்டுரைகளெல்லாம் எழுதி முடித்த பிறகு. விடை ஆண்டுக்கு 61,000 டாலர் என்று வந்தது. நானும் கணவரும் எங்களுக்குள் 45,000 என்று ஓர் எல்லையைப் பேசி வைத்திருந்தோம், ஆனால் அதை மகளிடம் ஒருபோதும் சொல்லியிருக்கவில்லை. அன்று இரவு சமையலறையில், வீட்டின் மேல் கடன் எடுத்துக்கொள்ளலாம் என்று இருவரும் மெதுவாகப் பேசி முடித்தோம். விடை பெரிதாக வந்ததற்கு ஒரு காரணம் அந்த வீடேதான். மத்திய அரசின் உதவித்தொகைக்கான ஃபாஃப்சா படிவம் குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக் கேட்பதில்லை; பல தனியார் கல்லூரிகள் தங்கள் உதவித்தொகைக்காக நிரப்பச் சொல்லும் சிஎஸ்எஸ் புரொஃபைல் கேட்கிறது. ஹார்வர்டு, பிரின்ஸ்டன் போன்றவை அதைக் கணக்கில் எடுப்பதில்லை. வேறு பல கல்லூரிகள் எடுக்கின்றன. இருபது ஆண்டு கடன் கட்டிய வீட்டைச் சேமிப்பாகப் பார்க்கும் கல்லூரி எது, பார்க்காதது எது என்பதை உதவித்தொகை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியே தெரிந்துகொள்ளலாம்.

எர்லி டிசிஷனில் உதவித்தொகை போதாவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம் என்பது உண்மை. ஆனால் கணிப்பான் காட்டிய தொகையே வந்து நிற்கும்போது, இது போதாது என்று எந்த முகத்தோடு சொல்வது? இரண்டு கல்லூரிகளின் கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் உரிமையைத்தான் அந்தச் சுற்றில் விட்டுக்கொடுக்கிறோம். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அதை விட்டுக்கொடுத்தோம் என்பது புரிந்தபோது, இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அடுத்த பதினைந்து நாட்களில் இரண்டாம் சுற்று எர்லி டிசிஷன் பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்தது. கட்டுப்படுத்தும் அந்த ஒரே விண்ணப்ப வாய்ப்பை வேறொரு கல்லூரியின்மேல் வைக்கலாம். குழுவில் பலர் அதைத்தான் செய்தார்கள். இந்த முறை வரிசையை மாற்றினேன். முதலில் கணிப்பான், பிறகு வீரர் பட்டியல், பிறகு கவுன்சிலர், கடைசியில்தான் சி21. எந்தக் கல்லூரியும் முதல் படியைத் தாண்டவில்லை. எனவே பொதுச் சுற்றிலேயே நின்றோம். நல்ல வேளையாக, நவம்பர் 1-ஆம் தேதிக்குள் அரசுப் பல்கலைக்கழகங்களான ரட்கர்ஸுக்கும் மேரிலாந்துக்கும் எர்லி ஆக்‌ஷனில் விண்ணப்பிக்க வேண்டும் என்று கவுன்சிலர் வற்புறுத்தியிருந்தார். எர்லி டிசிஷன் ஒப்பந்தம் அதைத் தடுப்பதில்லை. ஜனவரி முடிவதற்குள் ரட்கர்ஸிலிருந்து இடம் வந்தது, அந்தச் சிறிய கல்லூரியின் செலவில் பாதி அளவில். கையில் ஒன்று இருக்கிறது என்ற நிம்மதி மகளின் முகத்தில் தெரிந்தது. என் முகத்திலும் தெரிந்திருக்கும்.

டிஃபர் என்ற பதிலை எப்படி எடுத்துக்கொள்வது என்பதும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஹார்வர்டு 2023 டிசம்பரில் தனக்கு முன்கூட்டி விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் டிஃபர் செய்தது. அங்கே அந்தப் பதில் ஏறக்குறைய எல்லோருக்கும் கிடைக்கும் பதில். ஸ்டான்ஃபோர்டு சிலரை மட்டுமே நிறுத்திவைத்து மற்றவர்களுக்கு அப்போதே இல்லை என்று சொல்லிவிடும் வழக்கம் உடையது. அங்கே அதே சொல்லுக்கு எடை அதிகம். என் மகள் பிப்ரவரியில் ஒரு பக்கக் கடிதம் எழுதினாள்: புதிதாகச் செய்தது என்ன, ஏன் இன்னும் விருப்பம் இருக்கிறது, அவ்வளவுதான். அரையாண்டு மதிப்பெண்களைக் கவுன்சிலர் அனுப்பினார். மார்ச்சில் பதில் வந்தது, இடம் இல்லை. அழுதாள், ஆனால் டிசம்பரில் அழுத அளவுக்கு இல்லை.

அவள் இப்போது ஒஹாயோவில் ஒரு சிறிய கல்லூரியில் நிலவியல் படிக்கிறாள். தகுதி அடிப்படையில் அவர்கள் கொடுத்த தொகை போக, நாங்கள் கட்டுவது 41,000. அந்தக் கல்லூரி தகுதி உதவித்தொகை தாராளமாகக் கொடுக்கும் என்பது காமன் டேட்டா செட்டின் எச்2ஏ பகுதியில் வெளிப்படையாக இருந்தது. பணத் தேவை இல்லை என்று கணக்கிடப்பட்ட எத்தனை மாணவர்களுக்கு, சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள் என்று அந்தக் கட்டங்களில் எழுதியிருக்கும். ஹார்வர்டு, யேல், பிரவுன் ஆகியவை அடங்கிய ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் தகுதிக்கென்று உதவித்தொகை கொடுப்பதே இல்லை. ஆகஸ்டில் சி பகுதி முழுவதையும் வரி விடாமல் படித்த நான், எச் பகுதிக்குப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

என் மகன் இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறான். போன மாதம் அவன் ஒரு கல்லூரியைப் பார்க்கப் போக வேண்டும் என்று கேட்டான். முன்பதிவு செய்வதற்கு முன் மூவருமாக உட்கார்ந்து, ஆண்டுக்கு எங்களால் எவ்வளவு முடியும் என்ற எண்ணை அவனிடம் சொன்னோம். அவன் அதைத் தன் கைபேசியில் குறித்துக்கொண்டு, கணிப்பானைத் தானே திறந்து, எங்கள் வரி விவரங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினான். விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த அக்கா அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மாகிட்ட சதவீதம் மட்டும் கேக்காதடா" என்றாள்.